பீடத்தின் முன்னும் பின்னும்

திருப்படங்கள் எழுத்தறியாதவர்களின் திருவிவிலியம் என்னும் கருத்து நம் திருச்சபையில் வேரூன்றிய ஒன்று. மறைக்கல்வி வகுப்பிலும் மறையுரையிலும் அதை நாம் கேட்டிருக்கிறோம். இக்கருத்தின் ஊற்று திருத்தந்தை புனித பெரிய கிரகோரியாரிடம் இருக்கிறது. கி.பி. 600-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தம் மறைமாவட்டத்து ஆலயங்களிலிருந்த படங்களை உடைத்தெறிந்த மர்சேய் நகர் ஆயர் செரேனுஸ் என்பவருக்கு அவர் மடல் எழுதினார். படங்களை வழிபடலாகாது என்ற அளவில் ஆயரின் அக்கறையை ஏற்றுக்கொண்ட அவர், அவற்றை அழித்ததை மட்டும் கடிந்துகொண்டார். படிக்கத் தெரிந்தவர் நூலில் காண்பதைப் படிக்கத் தெரியாதவர் சுவரில் காண்கிறார் என்பதே அவர் கூறிய காரணம்.

கூற்று உண்மையானதுதான். ஆயினும் காலப்போக்கில் அதிலிருந்து நாம் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிட்டோம். படம் பாமரருக்கு, நூல் படித்தவருக்கு; எழுத்தறிவு வந்துவிட்டால் படத்தின் வேலை முடிந்தது என்பதே அம்முடிவு. அதன் விளைவாக, ஆலயத்துப் படங்களை அலங்காரமாகவோ சிறுவர்க்கான பாடமாகவோ மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். இம்முடிவு எவ்வளவு பிழையானது என்பதை இத்தாலி நாட்டின் ஒரு பீட ஓவியத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அது சியெனா நகரப் பேராலயத்தின் தலைமைப் பீடத்திற்காகத் துச்சியோ தி போனின்செஞ்ஞா வரைந்த ‘மாயெஸ்தா’. மாட்சி என்பது அச்சொல்லின் பொருள். அரியணையில் வீற்றிருக்கும் அன்னை மரியாவின் படத்தை இத்தாலியர் அப்பெயரால் வழங்குவர். ஓவியத்திற்கான ஒப்பந்தம் 1308-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாளைக் குறிக்கிறது. துச்சியோ தம் கையாலேயே வரையவேண்டும்; இது முடியும்வரை வேறு பணியை ஏற்கக்கூடாது; வேலைசெய்யும் நாள் ஒவ்வொன்றிற்கும் பதினாறு வெள்ளிக்காசுகள் கூலி; பொருள்களைப் பேராலய நிர்வாகம் தரும் என்பன அதன் விதிகள். பக்திக் காவியம் ஒன்று நாட்கூலிக் கணக்கில் பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்கையில் வியப்பும் ஒருவகை ஆறுதலும் தோன்றுகின்றன.

1311-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் ஓவியம் பட்டறையிலிருந்து பேராலயத்திற்குப் பவனியாகக் கொண்டுசெல்லப்பட்டது. அன்று நகரத்தில் கடைகள் அடைக்கப்பட்டன. ஆயரும் குருக்களும் துறவியரும் முன்செல்ல, நகரை ஆண்ட ஒன்பதின்மர் அவையினரும் அலுவலரும் மக்களும் எரியும் மெழுகுவர்த்திகளை ஏந்திப் பின்தொடர்ந்தனர். ஆலய மணிகள் முழங்கின, ஏழைகளுக்குப் பிச்சையிடப்பட்டது. சியெனா மக்கள் தங்கள் நகரையே மரியாவுக்குக் காணிக்கையாக்கியிருந்தவர்கள். 1260-இல் மோந்தாபெர்த்திப் போரில் வலிமை மிக்க பிளாரன்சு நகரத்தை வென்றது அவர் துணையால் என்று நம்பியவர்கள். ஆகவே அன்று தெருவில் சென்றதை அவர்கள் ஒரு படமாகக் கருதவில்லை; தங்கள் அரசி தம் இல்லம் புகுவதாகவே கண்டனர்.

மக்களை நோக்கிய முன்பக்கத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமும் உள்ள பலகை, பொன் பின்னணி. பல நிறப் பளிங்கால் ஆன அரியணையில், சூழ நிற்போர் அனைவரினும் பெரிய உருவில் அன்னை அமர்ந்திருக்கிறார். மடியில் குழந்தை இயேசு. இருபுறமும் வானதூதரும் புனிதரும் வரிசை வரிசையாக. அவர்களுக்கு முன்னே நகரின் பாதுகாவலர் நால்வர் மண்டியிட்டிருக்கின்றனர். அரியணையின் அடியில் இலத்தீனில் ஒரு வேண்டுதல் எழுதப்பட்டுள்ளது. நகருக்கு அமைதியும், தம்மை இவ்வாறு வரைந்த துச்சியோவுக்கு வாழ்வும் அருளுமாறு இறைவனின் தாயை அது கேட்கிறது. ஓவியன் தன் பெயரை அங்கே புகழுக்காகப் பொறித்திருக்கலாம். ஆனால் மண்டியிட்ட புனிதர்களுக்கு அருகே, மன்றாட்டின் நடுவில் அல்லவா பொறித்திருக்கிறான்! மன்றாடுவோர் வரிசையில் தானும் ஒருவனாகச் சேர்ந்துகொண்டான் என்றே நான் கொள்கிறேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். முன்பக்கத்தின் பெரும்பகுதியில் கதை என்று ஒன்றும் இல்லை. அடிப்பட்டையில் மங்கள வார்த்தை முதல் ஆலயத்தில் சிறுவன் இயேசு போதித்தது வரையிலான சிறு காட்சிகளும், உச்சியில் மரியாவின் இறுதி நாள்களின் காட்சிகளும் உண்டு. ஆயினும் பேராலயத்தின் தொலைவில் நின்ற ஏழை ஒருவருக்கு அவை எவ்வளவு தெரிந்திருக்கும்? அவர் கண்டது ஒரு முகத்தை. ஒரு தாயும் சேயும் தம்மை நோக்கியிருப்பதை. குருவானவர் பீடத்தின்முன் நின்று நற்கருணை அப்பத்தை உயர்த்தியபோது, அன்னையின் மடியிலிருந்த மகனுக்கு எதிரே அது உயர்ந்தது. அன்று மரியா தந்த அதே உடலே இன்று பீடத்தில் தரப்படுகிறது என்பதை விளக்க வேறு மறையுரை வேண்டியதில்லை.

இனிப் பின்பக்கம் செல்வோம். அங்கே எருசலேம் நுழைவு முதல் எம்மாவு வழி வரை இருபத்தாறு பாடுகளின் காட்சிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் கீழே அடிப்பட்டையில் இயேசுவின் பொதுவாழ்வு. மேலே உயிர்த்தபின் அவர் அளித்த காட்சிகள். கண் கீழிருந்து மேலாக ஏறிச்செல்லும்படி அவை அடுக்கப்பட்டுள்ளன. இப்பக்கத்தை அணுகிப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் பீடத்தை அடுத்துக் கூடிய குருக்களுக்கே இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால் நாம் தொடங்கிய கூற்று என்ன ஆயிற்று? எழுத்தறியாத மக்களுக்கு ஒரு முகம் தரப்பட்டது. நற்செய்தியை இலத்தீனில் நாள்தோறும் வாசித்த குருக்களுக்கோ அதே நற்செய்தி காட்சி காட்சியாக வரைந்து தரப்பட்டது!

புனித தோமா அக்குவினார் படங்களுக்கு மூன்று பயன்கள் கூறினார்: எளியோருக்குக் கல்வி, மறைபொருள்களின் நினைவு, பக்தியைத் தூண்டுதல். நாம் முதலாவதைப் பற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்தோம். தெரியாததைக் கற்பிப்பது படத்தின் சிறு பணி. தெரிந்து தெரிந்தே மரத்துப்போன உள்ளத்தில் அதை மீண்டும் உறைக்கச் செய்வதே அதன் பெரும் பணி. இதைத் துச்சியோ எவ்வாறு நிறைவேற்றுகிறார் என்பதற்கு இரு சான்றுகள் காட்டுகிறேன்.

முதலாவது, பேதுரு மறுதலித்த காட்சி. ஒரே பலகையில் மேலும் கீழுமாக இரு நிகழ்ச்சிகள். மேலே, கைகள் கட்டப்பட்ட நிலையில் அன்னாவின் முன் நிற்கிறார் இயேசு. கீழே முற்றத்தில், பணியாளரோடு அமர்ந்து நெருப்பில் குளிர்காய்கிறார் பேதுரு. பணிப்பெண் அவரைச் சுட்டிக்காட்டுகிறாள். அவரோ கையை உயர்த்தி மறுக்கிறார். இரு தளங்களையும் ஒரு மாடிப்படி இணைக்கிறது. நற்செய்தி நூலில் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகவே வாசிக்க முடியும். எழுத்தின் இயல்பு அது. ஓவியமோ இரண்டையும் ஒரே கணத்தில் நம்முன் வைக்கிறது. தலைவர் மேலே விசாரிக்கப்படுகிறார். சீடர் கீழே தம் கால்களைச் சூடேற்றிக்கொள்கிறார். இடையே சில படிகள் மட்டுமே. ஏறிச்சென்று தலைவரின் அருகே நிற்கத் தடை ஏதுமில்லை, பேதுரு ஏறவில்லை. மறுதலிப்பு என்பது வாயின் சொல் மட்டுமன்று, ஏறாத படியும் மறுதலிப்பே என்று இந்தப் படிக்கட்டு சொல்கிறது. அதிலும், மறுதலிக்கும் அந்நேரத்திலும் பேதுருவின் தலையைச் சுற்றிப் புனிதர்க்குரிய பொன்வளையம் இருக்கிறது. விழுந்தவர் கைவிடப்படவில்லை. திருச்சபையின் முதல் மேய்ப்பரின் இக்காட்சி மேய்ப்பர்களின் கண்ணெதிரே வைக்கப்பட்டது தற்செயலாக இருக்கலாம். எனினும் பீடத்தருகே நாளும் நின்று பணியாற்றும் எந்தக் குருவும் இதைத் தமக்குரியதென்று கொள்ளாமல் கடந்துசெல்ல இயலாது. திருப்பொருள்களை அன்றாடம் கையாளும் கைகளுக்கே குளிர்காயும் ஆபத்து மிகுதி.

இரண்டாவது, பிறவிப் பார்வையற்றவர் நலம்பெறும் காட்சி. யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தை ஒரு சிறு பலகையில் அடக்குகிறார் துச்சியோ. அதே மனிதர் இருமுறை வரையப்பட்டிருக்கிறார். ஒருபுறம் இயேசு அவருடைய கண்களைத் தொடுகிறார். மறுபுறம் சிலோவாம் குளத்தருகே கழுவி முடித்து, ஊன்றுகோலைக் கைவிட்டு, முகத்தை மேலே உயர்த்தி நிற்கிறார். எதைப் பார்க்கிறார்? பலகையில் அதற்கு விடை இல்லை. அடிப்பட்டையில் இதற்கு அடுத்து இருந்த பலகை ஆண்டவரின் உருமாற்றம் என்பதை அறிந்தால் விடை கிடைக்கிறது. நலம்பெற்ற கண்களின் முதல் பார்வை, பொன்னிழைகள் ஒளிரும் ஆடையில் மலைமேல் நிற்கும் கிறிஸ்துவை நோக்கி எழுகிறது. அடுத்த பலகையில் இலாசர் கல்லறையிலிருந்து வெளிவருகிறார். பார்வை, மாட்சி, உயிர் என மூன்று பலகைகள் சேர்ந்து ஒரே வாக்கியமாகின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் ஒரு சொல்லே.

இவ்வோவியத்தில் குறை காண்போரும் உண்டு. அதே காலத்தில் பதுவா நகரில் ஜொத்தோ வரைந்த சுவரோவியங்களின் உடற்கனமும் துயரத்தின் வேகமும் துச்சியோவிடம் இல்லை என்பர். பிலாத்துவின் முன் நடக்கும் காட்சிகளில் அதே மெல்லிய தூண்களும் அதே கூரையும் திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டுகிறது என்பர். முதல் கூற்றில் உண்மை உண்டு. ஜொத்தோவின் மனிதர்கள் மண்ணை மிதித்து நிற்பவர்கள். இரண்டாவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே மண்டபம், ஒரே நீதிபதி, அங்குமிங்கும் இழுத்துச் செல்லப்பட்டு மீண்டும் அங்கேயே நிறுத்தப்படும் ஒரே கைதி. அலைக்கழிப்பின் களைப்பை இதைவிட எப்படிக் காட்டுவது? சிலுவைப்பாதையை முறையாகச் செபித்தவர்க்கு அந்த மீண்டும் மீண்டும் வருதலின் பொருள் புரியும். மேலும் எம்மாவு வழியில் இயேசுவைத் தொப்பியும் கோலும் உடைய திருப்பயணியாக அவர் வரைந்ததை நோக்குக. உரோமைக்குச் செல்லும் திருப்பயணிகளின் பெருவழி சியெனா வழியாகவே சென்றது. அவர்களைப் பேணிய மருத்துவமனை பேராலயத்தின் எதிரிலேயே இருந்தது. வாயிற்படியில் வந்து நிற்கும் அயலாரில் ஆண்டவரைக் கண்டுகொள்ளுங்கள் என்பதன்றி இக்காட்சிக்கு வேறு என்ன பொருள்?

1506-இல் ஓவியம் தலைமைப் பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. 1771-இல் இரு பக்கங்களையும் பிரித்து வைக்கும்பொருட்டு அதை வாளால் அறுத்தனர். அறுத்த வாள் அன்னையின் முகத்தையும் காயப்படுத்தியது. பகைவர் எவரும் இதைச் செய்யவில்லை. அதன் பொருளை மறந்துபோன சொந்த வீட்டாரே செய்தனர். பெரும்பகுதி இன்று சியெனாவின் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஞ்சியவற்றுள் பல சிதறிவிட்டன. மங்கள வார்த்தையும் பார்வையற்றவரும் உருமாற்றமும் இலண்டனில், பிறப்புக் காட்சியும் பேதுரு, அந்திரேயா அழைப்பும் வாஷிங்டனில், மலைமேல் சோதனை நியூயார்க்கில், சமாரியப் பெண் மத்ரீதில், இலாசர் டெக்சாசில். பார்வை பெற்றவரும் உருமாறிய ஆண்டவரும் ஒரே கூடத்தைச் சேர்ந்திருப்பது ஒரு பேறு. ஆனால் இலாசர் கடல் கடந்து போய்விட்டார்; வாக்கியம் முடிவுறாமல் நிற்கிறது.

அருங்காட்சியகங்கள் இவற்றைக் காத்ததற்கு நாம் நன்றி சொல்லவேண்டும். எனினும் அங்கே ஒவ்வொரு பலகையும் தனியழகாகத் தொங்குகிறது. சிதறிய பலகைகளை நாம் ஒன்றுசேர்க்க முடியாது. திருவிவிலியத்தையும் நாம் இவ்வாறே அறுத்து வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள முடியும். நமக்குப் பிடித்த ஒரு வசனம் சுவரில், இன்னொன்று நாட்காட்டியில். பேதுருவின் மறுதலிப்பு ஓரிடத்தில், மேலே கட்டுண்டு நிற்கும் இயேசு வேறிடத்தில். இடையே இருந்த படிக்கட்டு எங்கே? அடுத்தமுறை நம் ஆலயத்துப் பீடத்தையும் சிலுவைப்பாதை நிலைகளையும் காணும்போது, எது எதற்கு அருகே இருக்கிறது என்று சற்று நின்று பாருங்கள். ஒவ்வொன்றும் எதை நோக்கிப் பார்க்கிறது என்றும் பாருங்கள். எழுத்தறிந்த நமக்கும் படிப்பதற்கு அங்கே நிறைய உண்டு.