கல்லிழந்த நடுகல்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் வழிபாட்டைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகப் பகுக்கும். சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945 சூலை 8ஆம் நாள் நேதாஜி அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை இம்மரபில் வைத்து நோக்கலாம். அவ்வாண்டிலேயே திரும்பிவந்த ஆங்கிலேயப் படையினர் அதனைத் தகர்த்தனர். கல் வீழ்ந்தது, வாழ்த்தல் மட்டும் எஞ்சியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பர்மாப் போர்முனைக்குச் சென்று மீளாதோரை, மீண்ட தோழர்களும் குடும்பத்தினரும் வாய்மொழியாகப் போற்றிவந்தனர்.

ஆயினும் இந்நினைவுகூரல்களில் ஒரு குறையை நாம் சுட்டவேண்டியுள்ளது. தலைவரின் உரையும் தோற்றமும் விரிவாக இடம்பெற, உடன் நடந்து வீழ்ந்தவர் 'ஒரு தோழர்' என்ற அளவில் நின்றுவிடுகிறார். தகர்க்கப்பட்ட சின்னமும் பெயரறியா வீரருக்கே உரியதாக இருந்தது. கிராஞ்சிப் போர் நினைவகச் சுவர்களிலோ 24,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எஸ்பிளனேடில் 1995இல் நிறுவப்பட்ட நினைவுக் குறிப்பு இடத்தைக் காட்டுகிறது, ஆளைக் காட்டவில்லை.

பெயரின்றி வாழ்த்தல் நிறைவுறாது. அப்பெயர்களுள் பல இன்று குடும்ப நினைவிலேயே தங்கியுள்ளன. பேரப்பிள்ளைகள் சொல்லும் பெயரையும் தோட்டத்தையும் வெறும் வரலாற்றுத் துணுக்காகக் கொள்ளாது, கையறுநிலைப் பனுவலாகவே நாம் பயிலுதல் வேண்டும்.