வினைமாற்றமும் வினைப்பிறழ்ச்சியும்: அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளின் ஆங்கில இலக்கணப் பயிற்சி குறித்த ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்க்கும் எழுத்தாங்கிலம் தனியே கற்பிக்கப்பட வேண்டியுள்ளது. அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில், அதாவது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில், இக்கற்பித்தலின் ஒரு கூறாக வினைமாற்றத் திருத்தம் இடம்பெறுகிறது. இறந்தகாலத்தில் தொடங்கிய எழுத்து காரணமின்றி நிகழ்காலத்திற்குத் தாவுதல், செய்வினையில் தொடங்கியது செயப்பாட்டுவினையாக முடிதல், ஏவலில் தொடங்கியது கூற்றாக மாறுதல் ஆகியவற்றை மாணவர் கண்டறிந்து திருத்த வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. இப்பயிற்சியின் மொழியியல் அடிப்படையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தரநிலை ஆவணம் 'பொருந்தாத மாற்றம்' என்று கூறுகிறது. பயிற்சித்தாளோ மாற்றம் அனைத்தையும் பிழையாகக் கொள்கிறது. இடையில் மறைந்துபோகும் 'பொருந்தாத' என்னும் அடையே கற்பிக்கத்தக்க பொருள் என்பது இக்கட்டுரையின் கருத்து. தெளிவு கருதி, வினையின் காலம் முதலியன மாறுவதை 'மாற்றம்' என்றும், அவற்றுள் பிழையாவதை மட்டும் 'பிறழ்ச்சி' என்றும் இங்கு வழங்குவோம். சான்றாகக் காட்டப்படும் தொடர்கள், பரவலாக வழங்கும் பயிற்சிகளின் அமைப்பைப் பின்பற்றிக் கட்டுரையாளர் அமைத்தவை.

1. தரநிலைகள் கூறுவன

'காமன் கோர்' எனப்படும் பொதுத் தரநிலைகள் 2010இல் வெளியிடப்பட்டன. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இவற்றை ஏற்றன. டெக்சாஸ் ஏற்கவில்லை, இண்டியானா 2014இல் விலகியது, வேறு சில மாநிலங்கள் திருத்தியும் பெயர் மாற்றியும் கொண்டன. எனினும் வினைமாற்றம் குறித்த கூறு மாநிலத் தரநிலைகள் பலவற்றில் தொடர்கிறது.

இத்தரநிலைகளின்படி, பொருந்தாத காலமாற்றத்தைக் கண்டறிந்து திருத்துதல் 5ஆம் வகுப்புக்கு உரியது. வினைப்பாட்டிலும் (செய்வினை, செயப்பாட்டுவினை) வினைநோக்கிலும் நிகழும் பொருந்தாத மாற்றங்களைத் திருத்துதல் 8ஆம் வகுப்புக்கு உரியது. இவ்விரண்டையும் மேல்வகுப்புகளிலும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என ஆவணம் தனியே குறிக்கிறது. ஆகவே காலமாற்றத் திருத்தம் நடுநிலைப் பள்ளி முழுவதும் உடன்வருகிறது.

இவண் மூன்று செய்திகள் நோக்கற்பாலன. முதலாவதாக, ஆவணத்தின் சொல்லாட்சி கவனமானது. பொருந்தாத மாற்றம் என்று கூறுவதனாலேயே பொருந்தும் மாற்றமும் உண்டு என்பது பெறப்படுகிறது. இரண்டாவதாக, காலமாற்றத்தைத் திருத்தச் சொல்லும் அதே 5ஆம் வகுப்பில், பல்வேறு காலங்களையும் நிகழ்ச்சி வரிசையையும் நிலைகளையும் உணர்த்த வினையின் காலத்தைப் பயன்படுத்துமாறும் ஆவணம் கூறுகிறது. அவ்வாறே 8ஆம் வகுப்பில், செய்பவரையோ செயலையோ முதன்மைப்படுத்தவும், ஐயத்தையும் நிகழாமையையும் உணர்த்தவும் வினைப்பாட்டையும் வினைநோக்கையும் பயன்படுத்தச் சொல்கிறது. ஆக, பயன்படுத்தலும் திருத்தலும் ஒரே திறனின் இரு பக்கங்களாக அங்கு வைக்கப்பட்டுள்ளன.

மூன்றாவது செய்தி ஒரு குறை பற்றியது. கூற்று, ஏவல், வினா, நிபந்தனை, விழைவு என ஐந்து வினைநோக்குகளை 8ஆம் வகுப்புத் தரநிலை எண்ணுகிறது. இவை ஒரே அளவுகோலால் பிரிக்கப்பட்டவை அல்ல. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட பேரிலக்கணம் வினாவையும் ஏவலையும் தொடர்வகைகளாகக் கொள்கிறது. நிபந்தனைக்கென ஆங்கிலத்தில் தனி வினைவடிவம் இல்லை. மழை பெய்தால் வருவாயா என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் நிபந்தனையா, வினாவா? இரண்டும்தான் என்றால், அத்தொடருக்குள் நோக்குமாற்றம் நிகழ்ந்ததாகக் கொள்வதா? வகைப்பாடு கலங்கியிருக்கும் இடத்தில் பிறழ்ச்சியை வரையறுப்பது அரிது.

2. பயிற்சித்தாள் செய்வது

பயிற்சித்தாளின் அமைப்பு எளிது. இரு வினைகள் கொண்ட தனித்தொடர் ஒன்று தரப்படும். மாறுபட்ட வினையை அடிக்கோடிட்டு முதல் வினையோடு ஒத்துவருமாறு மாற்றுவது மாணவர் பணி. 'மரியா ஓபன்ட் த டோர் அண்ட் சீஸ் எ டாக்' என்பதில் 'சீஸ்' என்பதை 'ஸா' என்று திருத்துவர். இத்திருத்தத்தில் குறை காண இடமில்லை. கவனக்குறைவால் நிகழும் இத்தகைய தாவல்கள் இளையோர் எழுத்தில் உண்மையிலேயே காணப்படுகின்றன. ஆயின் இதனினின்று மாணவர் பெறும் விதி யாது? 'ஒரு தொடரில் ஒரு காலம்' என்பதே. இவ்விதி தவறானது.

மார்க் ட்வெயின் 'டாம் சாயர்' புதினத்தை 1876இல் வெளியிட்டார். அதில் டாம் வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையைத் தன் நண்பர்கள் தலையில் கட்டுகிறான். இதனை ஆங்கிலத்தில் எழுதுவோர் வெளியீட்டை இறந்தகாலத்திலும் கதை நிகழ்ச்சியை நிகழ்காலத்திலும் கூறுவர். வெளியீடு வரலாற்றில் ஒருமுறை நிகழ்ந்தது. கதை நிகழ்ச்சி படிக்கும்தோறும் நிகழ்வது. இலக்கியம் பற்றிய கட்டுரையில் கதையை நிகழ்காலத்தில் சொல்லுமாறு அதே பள்ளிகள் வேறொரு பாடவேளையில் கற்பிக்கின்றன. 'ஒரு தொடரில் ஒரு காலம்' என்று பழகிய மாணவர் இங்குத் தடுமாறுவது இயல்பே. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று ஆசிரியர் கூறியதை எழுதும்போதும் இதே நிலை. 'டோல்ட்' என்ற இறந்தகால வினையையடுத்து 'பாயில்ஸ்' என்ற நிகழ்காலம் வருவது, பொதுவுண்மை ஆதலின், முறையானதே.

வினைப்பாட்டிலும் இதனைக் காணலாம். சிறுவன் மரத்தில் ஏறினான், ஆப்பிள் அவனால் உண்ணப்பட்டது என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரில் செயப்பாட்டுவினைக்கு யாதொரு தேவையும் இல்லை. எழுவாய் வீணே மாறுகிறது. அது பிறழ்ச்சி. திருடன் தெருவில் ஓடினான், காவலரால் பிடிக்கப்பட்டான் என்னும் பொருளுடைய தொடரிலோ செயப்பாட்டுவினை திருடனையே எழுவாயாக நிலைநிறுத்துகிறது. 'ரான்' என்பதையடுத்து 'வாஸ் காட்' என வருவதை விதிக்கு அஞ்சித் திருத்தினால், வினைப்பாடு ஒத்துவரும், எழுவாய் மாறிவிடும். வினைப்பாட்டு ஒருமை, எழுவாய் ஒருமை ஆகிய இரண்டில் ஒன்றையே காக்க இயலும் இடங்கள் உண்டு. எதனைக் காப்பது என்பதைப் பத்தியின் பேசுபொருளே முடிவு செய்யும். தனித்தொடரைக் கொண்டு இதனை முடிவு செய்ய இயலாது.

வினைநோக்கிலும் அவ்வாறே. நேரே செல், தேவாலயத்தைக் காண்பாய் என்று வழி சொல்லும்போது ஏவல் கூற்றாக மாறுவது இயல்பு. செய்ய வேண்டியதும் அதன் விளைவும் வேறுவேறு ஆகலின். அரிசியைக் கழுவு, பிறகு நீ நீரை வடிக்க வேண்டும் எனச் சமையல் குறிப்பு தடம் மாறுவது பிறழ்ச்சி. இரண்டும் ஒரே வரிசையில் அமைந்த செயல்கள் ஆகலின். இரு தொடர்களும் புறவடிவில் ஏறத்தாழ ஒன்றே. அவற்றை வேறுபடுத்துவது காரணம்.

3. எடுத்துரைப்பில் காலமாற்றம்

கதை கூறுதலில் இச்சிக்கல் மேலும் தெளிவாகிறது. எடுத்துரைப்பின் பகுதிகளை லபோவும் வாலெட்ஸ்கியும் 1967இல் பிரித்துக் காட்டினர். நெஸ்ஸா வுல்ஃப்சன், உரையாடலில் கதை சொல்வோர் இறந்தகாலத்திற்கும் வரலாற்று நிகழ்காலத்திற்கும் இடையே மாறிமாறிச் செல்வதை ஆராய்ந்து 1979இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நிகழ்கால வடிவத்திற்குத் தனிப்பொருள் இல்லை, மாறுதலே பொருளுடையது, அது நிகழ்ச்சிகளைப் பகுத்துக் காட்டுகிறது. டெபோரா ஷிஃப்ரின் 1981இல் இதனை மறுஆய்வு செய்து, வரலாற்று நிகழ்காலம் கதையின் அறிமுகப் பகுதியில் வாராமல் நிகழ்ச்சிகள் முடுகிச் செல்லும் பகுதியில் வருவதைக் காட்டினார். நிகழ்ச்சியைக் கேட்போர் கண்முன் நிறுத்தி மதிப்பிடச் செய்யும் பயனும் அதற்கு உண்டு என்றார். இருவரும் வேறுபடும் இடங்கள் உள்ளன. எனினும் இம்மாற்றம் ஒழுங்குடையது என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

பன்னிரண்டு அகவை மாணவர், நாயைக் கண்டு ஓடிய கதையை எழுதும்போது, நாய் பாயும் இடத்தில் நிகழ்காலத்திற்கு வருகிறார் எனக் கொள்வோம். அவர் பேச்சுமொழியின் ஒரு விதியை எழுத்திற்குக் கொண்டுவருகிறார். எழுத்துக்கதையில் இம்மாற்றம் மேலும் கட்டுப்பாட்டுடன் அமைய வேண்டும் என்று ஆசிரியர் கூறலாம். அது நடை பற்றிய அறிவுரை. 'பிழை' என்று சிவப்புக் கோடிடுவது வேறு; அவ்விடத்தில் மாணவர் இழப்பது கதையின் உச்சத்தை உணர்த்தும் கருவியை.

4. வேறு இலக்கணங்களின் குறுக்கீடு

ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலம் பேசும் மாணவர் ஒருவர், முந்தைய நாள் நடந்து வீடு சென்று ஒரு நாயைக் கண்டதை எழுதுகையில் 'வாக்', 'ஸா' என்னும் வினைகளை அடுத்தடுத்து எழுதக்கூடும். பயிற்சித்தாளின் நோக்கில் இது நிகழ்காலத்திலிருந்து இறந்தகாலத்திற்குத் தாவுதல். உண்மையில் இங்கு மாற்றமே நிகழவில்லை. 'வாக்ட்' என்பதன் இறுதி மெய்ம்மயக்கம் பேச்சில் குறைந்து 'வாக்' என ஒலிக்கிறது. ஒழுங்கற்ற வினைகள் இம்மொழிவகையில் இறந்தகால வடிவத்தைத் தவறாது பெறுவதை லபோவின் ஆய்வுகள் காட்டின. அதே தொடரில் உள்ள 'ஸா' என்பதே மாணவரிடம் இறந்தகாலம் உண்டு என்பதற்குச் சான்று. இவருக்குக் கற்பிக்க வேண்டியது எழுத்தில் ஈற்றைக் காக்கும் முறை. கால ஒருமை பற்றிய பயிற்சி எத்துணை கொடுத்தாலும் இதனைத் தீர்க்காது.

ரிக்ஃபோர்டும் தெபெர்ஜ் ரஃபாலும் 1996இல் வெளியிட்ட ஆய்வு நமது பொருளுக்கு மேலும் நெருங்கியது. ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறாரின் கதைகளில் 'ஹாட்' என்னும் துணைவினை, முன்னை இறந்தகாலத்தை உணர்த்தாது எளிய இறந்தகாலப் பொருளில் வருவதை அது விவரித்தது. இதனை அறியாத ஆசிரியர் அங்குக் காலவரிசை குழம்பியதாகவே கொள்வார். கற்போர் பிழைகளுக்கும் ஒழுங்கு உண்டு என்று கார்டர் 1967இலும், அடிப்படை எழுத்தாளர்களின் பிழைகளை முன்வைத்து மினா ஷாகனசி 1977இலும் வலியுறுத்தினர். கவனக்குறைவு, எடுத்துரைப்பு உத்தி, கிளைமொழி ஒலியியல், கிளைமொழி இலக்கணம் என நான்கு வேறு காரணங்களை ஒரே சிவப்புக் கோட்டால் குறிக்கும் பயிற்சி, மாணவரை மதிப்பிடும் கருவியாகும்போது அநீதிக்கு இடமளிக்கிறது.

5. வழுவமைதி என்னும் மூன்றாம் இடம்

பிழைக்கும் விதிக்கும் இடையில் ஓர் இடம் வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு நன்கு உணர்ந்திருந்தது. வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் பாகுபாடு இவ்வுணர்வின் விளைவு. காலத்தைப் பொறுத்தவரை, தொல்காப்பியம் வினையியலிலும் நன்னூல் பொதுவியலிலும் ஒரு காலம் பிறிதொரு காலமாகக் கூறப்படுவதை ஏற்கின்றன; ஏற்பதற்குரிய காரணங்களையும் நன்னூல் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு எனத் தொகுத்துரைக்கிறது. உண்டுகொண்டிருப்பவர் தம்மை அழைப்பவரிடம் இதோ வந்துவிட்டேன் என்பது விரைவு. எறும்பு முட்டையுடன் மேடேறக் கண்டு மழை பெய்தது என்பது, உரையாசிரியர் காட்டும் மரபில், தெளிவு.

இவ்வொப்பீட்டிற்கு எல்லை உண்டு. தமிழ் நூற்பாக்கள் ஒரு வினையின் வடிவமும் அது குறிக்கும் காலமும் முரணுவதைப் பேசுகின்றன. அமெரிக்கப் பயிற்சி அடுத்தடுத்த வினைகளின் பொருத்தத்தைப் பேசுகிறது. ஆயினும் முறையியலில் ஒரு பாடம் உள்ளது. காரணம் சொல்ல முடிந்தால் அது அமைதி, முடியாவிட்டால் வழு. 'பொருந்தாத' என்னும் தரநிலைச் சொல்லுக்கு விளக்கமாக நிற்கத்தக்க அளவுகோல் இதுவே.

6. மொழிபெயர்ப்பாளர்க்கு

கால ஒருமை விதியைப் பள்ளியில் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அதனை மூலத்தின்மீது ஏற்றும் இடர் உண்டு. டிக்கன்சின் 'ப்ளீக் ஹவுஸ்' (1852-53) புதினத்தில் படர்க்கைக் கதைசொல்லி நிகழ்காலத்திலும், எஸ்தர் என்னும் பாத்திரம் இறந்தகாலத்திலும் கதையைக் கூறுகின்றனர். தமிழில் இரண்டையும் இறந்தகாலமாக்கினால் இரு குரல்களும் ஒன்றாகிவிடும். மறுதலையாக, ஆங்கிலம் கட்டாயமாக வேண்டும் கால இயைபைத் தமிழ் வேண்டுவதில்லை. தனக்கு உடல்நலமில்லை என்றான் என்பதில் 'என்று' என்னும் இடைச்சொல் கூற்றின் காலத்தை அப்படியே காக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸெட்' என்பதன்பின் 'வாஸ்' வருவதே பெரும்பான்மை. ஒரு மொழியின் ஒருமை பிறிதொரு மொழியில் மாற்றமாகத் தோன்றலாம். ஆகவே காலவடிவத்தை எண்ணிப் பெயர்க்காமல் அதன் பயனை அறிந்து பெயர்ப்பதே முறை.

7. முடிவுரை

வினைமாற்றத் திருத்தம் கைவிடப்பட வேண்டியது அன்று. பயிற்சியின் அலகும் வினாவும் மாற வேண்டும். தனித்தொடர்க்கு மாறாக முழுப் பத்தி, இயலுமிடத்து மாணவரின் சொந்த எழுத்து, அலகாக வேண்டும். 'எந்த வினை மாறுபட்டுள்ளது?' என்ற ஒற்றை வினாவின் இடத்தில் மூன்று வினாக்களை வைக்கலாம். காலமோ பாடோ நோக்கோ உண்மையில் மாறியுள்ளதா, அன்றி வடிவம் மட்டும் குறைந்துள்ளதா? மாறியிருப்பின், நிகழ்ச்சி வரிசை, பொதுவுண்மை, பேசுபொருள், கதையின் உச்சம் ஆகியவற்றுள் எதன் பொருட்டு மாறியது? அக்காரணம் படிப்பவர்க்கு எழுத்திலிருந்தே புலப்படுகிறதா?

முதல் வினாவிற்கு 'இல்லை' என்று விடை வந்தால் எழுத்து வடிவத்தைக் கற்பித்தல் போதும். இரண்டாவதற்கு மாணவரால் விடை கூற இயலாவிட்டால் அது பிறழ்ச்சி, திருத்தலாம். மூன்றாவதில் மட்டும் தவறினால், வினையை விட்டுவிட்டுச் சூழலைச் செம்மை செய்யலாம். இம்முறையில் திருத்துபவர் மாணவரே ஆகிறார். தம் தொடர் ஏன் அவ்வாறு அமைந்தது என்று சொல்லும் உரிமையும் பொறுப்பும் அவருக்குக் கிடைக்கின்றன. தரநிலை ஆவணம் 'பொருந்தாத' என்னும் ஒரு சொல்லில் வேண்டியது இத்திறனையே எனலாம்.