சிவபுராணம் தெரிந்த சபைக்கு ஒரு நாடகாசிரியர்

குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடகப் பெயர்களை அடுக்கிச் சொன்னால், யாழ்ப்பாணத்தவரின் காதுக்கு அவை பாதி பாட்டாகவே விழும். 'புழுவாய் மரமாகி' சிவபுராணம். 'அன்னை இட்ட தீ' பட்டினத்தார். 'எந்தையும் தாயும்', 'கூடி விளையாடு பாப்பா' இரண்டும் பாரதி. 'மண் சுமந்த மேனியர்' என்றால், பிட்டுக்கு மண் சுமந்த சிவன் நினைவுக்கு வராமல் போகாது.

அலங்காரத்துக்காக வைத்த பெயர்கள் அல்ல இவை. சபை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பதை எடுத்து, அதற்குள் அன்றைய நோவை இறக்குவது அவருடைய கைவேலை. பாரதியின் பாட்டு, பெற்றோர் களித்து வாழ்ந்த மண்ணின் பெருமிதம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த 'எந்தையும் தாயும்' நாடகத்திலோ பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். போருக்கு நடுவே, அதே மண்ணில் முதியவர்கள் தனித்துக் கிடக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடன் மனம் பழைய மெட்டுக்குப் போகும், மேடை அதை அங்கே இருக்கவிடாது. பிரசங்கம் செய்ய ஒரு பாத்திரம் தேவையில்லை. தாயின் சிதைமுன் பட்டினத்தார் சொன்ன தீயும் அப்படித்தான். 'அன்னை இட்ட தீ'யில் அது போர் மனங்களில் மூட்டிய தீயாக எரிகிறது.

1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் பல்கலைக்கழக மாணவர்கள் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எடுத்துரைஞர் கதையைச் சொல்லிக்கொண்டே அதற்குள் நுழைவார், மறுகணம் வெளியே வந்து சபையின் முகம் பார்த்துப் பேசுவார். பாடுநர் குழு ஒரு நேரம் ஊராகும், இன்னொரு நேரம் ஊரின் மனச்சாட்சியாகும். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டைப் படித்தவர்களுக்கு இது பழக்கமான உத்தி. கூத்தும் கதாப்பிரசங்கமும் பார்த்து வளர்ந்த தோட்டக்காரருக்கு இன்னும் பழக்கமானது. அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1931இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்த சண்முகலிங்கம், தொழிலால் ஆசிரியர். எழுபதுகளில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா படித்துவிட்டு வந்து, 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பெயர்தான் கல்லூரி, அங்கே நடந்தது களப்பயிற்சி. வட்டமாக நின்று விளையாடுவது, குரலைத் திறப்பது, உடம்பாலே மரமாவது, கதவாவது. வாத்திமாரும் இளவட்டங்களும் ஒன்றாக இறங்கினார்கள். ரியூசனும் சோதனையும் பிள்ளைப் பருவத்தைத் தின்றுகொண்டிருந்த ஊரில், விளையாட்டைப் பாடமாக வைக்க நல்ல துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலின் இனிய பலன் அவருடைய சிறுவர் நாடகங்கள். 'ஆச்சி சுட்ட வடை' போன்றவற்றின் அழகு, மேடையில் யாரும் சும்மா நிற்காததில் இருக்கிறது. பாடுநர் குழு இருப்பதால், வசனம் பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கும் ஆட, பாட, ஓசை எழுப்ப வேலை உண்டு. பரிசளிப்பு விழாவில் கெட்டிக்காரப் பிள்ளை ராசாவாக நிற்க, மற்றவர்கள் சாமரம் வீசும் நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அவர் நாடகமும் அரங்கியலும் கற்பித்தார். மொழிபெயர்ப்புகளையும் சேர்த்தால் அவர் எழுதியவை நூற்றைத் தாண்டும். 2025 ஜனவரியில், 93ஆவது வயதில் காலமானார்.

அவரிடம் பயின்றவர்கள் அவரைப் பிரதி எடுக்கவில்லை. சிதம்பரநாதன் சபையையே ஆட்டத்துக்குள் இழுக்கும் அரங்கைத் தேடிப் போனார். தே. தேவானந்த் செயல்திறன் அரங்க இயக்கத்தின் மூலம் பாடசாலைகளுக்கும் கிராமங்களுக்கும் நாடகத்தைக் கொண்டு சென்றார். மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் மேடை நாடகத்தை விட்டுக் கூத்துக்களரிக்கே போய், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரோடும் ஊராரோடும் உட்கார்ந்து, பழைய கூத்துகளில் பெண்ணும் சாதியும் வரும் இடங்களை விவாதித்து மாற்றும் 'கூத்து மீளுருவாக்கம்' என்ற வேலையில் இறங்கினார்.