யாருக்கு விடுமுறை?

1892 செப்டம்பர் 12. லண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் குடும்பத்துப் பிள்ளைகள் தாங்களே எழுதி நடத்திய வீட்டுப் பத்திரிகையில் ஒரு சிறு செய்தி வருகிறது. கோடையைக் கழிக்க கார்ன்வால் கடற்கரைக்கு வந்திருந்த அந்தக் குடும்பத்தில், அண்ணன் தோபியையும் தங்கை வர்ஜீனியாவையும் படகில் கலங்கரை விளக்கத்துக்குப் போகலாம் என்று நண்பர்கள் அழைத்தார்கள். எட்டு வயது ஏட்ரியனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவன் மிகவும் ஏமாந்துபோனான். செய்தி அவ்வளவுதான்.

அப்போது பத்து வயதாயிருந்த வர்ஜீனியா பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃப் ஆனார். போக முடியாமல் போன ஒரு சுற்றுலாவை வைத்து ‘டு த லைட்ஹவுஸ்’ நாவலை எழுதினார். அது 1927 மே 5 அன்று வெளிவந்தது. அவருடைய அம்மா ஜூலியா ஸ்டீபன் இறந்ததும் ஒரு மே 5-தான், 1895இல்.

நனவோடை உத்தி, காலம், மரணம், கலை என்று இந்த நாவலைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். இது ஒரு குடும்பத்தின் கோடை விடுமுறையைப் பற்றிய கதை என்ற எளிய உண்மை அந்தப் பேச்சில் பின்னால் போய்விடுகிறது. ‘எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தோம்’ என்று ஒரு குடும்பம் பிற்காலத்தில் நினைத்துக்கொள்கிறதே, அந்தச் சேர்ந்திருத்தலை உண்டாக்கியது யார், அதற்காக அவர் எதைக் கொடுத்தார்? நாவலை அந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

கதை நடப்பது ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில். ராம்சே தம்பதிக்கு எட்டுப் பிள்ளைகள். விருந்தாளிகள் வேறு. ஆறு வயது ஜேம்ஸுக்குக் கலங்கரை விளக்கத்துக்குப் போக ஆசை. வானிலை நன்றாக இருந்தால் நாளைக்குப் போகலாம் என்கிறார் அம்மா. நன்றாக இருக்காது என்கிறார் தத்துவப் பேராசிரியரான அப்பா. அப்பா சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டுத் தன் யோசனைக்குத் திரும்பிவிடுகிற சௌகரியம் அவருக்கு இருக்கிறது. முகம் சுருங்கிய பையனோடு மிச்ச நாளை ஓட்ட வேண்டியவர் அம்மா.

திருமதி ராம்சே அன்று செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கலங்கரை விளக்கக் காவலரின் நோயாளிப் பையனுக்குக் காலுறை பின்னுகிறார். ஜேம்ஸின் காலில் வைத்து அளவு பார்க்கிறார், நீளம் போதவில்லை. ஊருக்குள் ஏழைகளைப் பார்க்கப் போகிறார். யாருக்கும் பிடிக்காத சார்லஸ் டான்ஸ்லியையும் கூட அழைத்துக்கொண்டு போகிறார். கண்ணாடிக் குடிலின் கூரையைச் சரிசெய்ய ஐம்பது பவுன் ஆகும் என்பதைக் கணவரிடம் சொல்லாமல் தன் மனசுக்குள் வைத்துக்கொள்கிறார். தன் புத்தகங்கள் நிலைக்குமா என்று கலங்கி நிற்கும் கணவருக்குத் தைரியம் சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோகிறார். இரவு உணவுக்குப் பதினைந்து பேரை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவைக்கிறார்.

அதற்குப் பிறகும் ஒரு வேலை மீதியிருக்கிறது. பிள்ளைகளின் அறைச் சுவரில் ஒரு பன்றி மண்டையோடு மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்து காமுக்குத் தூக்கம் வரவில்லை. அதைத் தொட்டால் ஜேம்ஸ் அலறுகிறான். அம்மா தன் சால்வையை எடுத்து மண்டையோட்டின்மேல் சுற்றிவிடுகிறார். மகளிடம் இனி அது ஒரு பறவைக்கூடு என்கிறார். மகனிடம் மண்டையோடு அப்படியேதான் இருக்கிறது என்கிறார். இரண்டு பேரும் தூங்குகிறார்கள். குடும்பத்தை ஒன்றாக வைத்திருப்பது என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது இப்படிப்பட்ட வேலைகளைத்தான். செய்து முடித்ததும் அதன் தடம்கூடத் தெரிவதில்லை.

இந்த இடத்தில் நின்று ‘தாய்மை வாழ்க’ என்று புத்தகத்தை மூடிவிட முடியாது. வுல்ஃப் அதற்கு விடவில்லை. திருமதி ராம்சே இந்த வேலையைத் தான் செய்வதோடு நிற்பதில்லை, மற்றப் பெண்களையும் அதற்குள் இழுக்கிறார். பெண்களால் ஓவியம் தீட்ட முடியாது, எழுத முடியாது என்று சொன்னவன் டான்ஸ்லி. உணவு மேசையில் அவன் பேச இடம் கிடைக்காமல் தவிக்கும்போது, ஓவியம் தீட்டும் லில்லி பிரிஸ்கோவைத் திருமதி ராம்சே கண்ணாலேயே கெஞ்சுகிறார். லில்லியும் விட்டுக்கொடுத்து அவனிடம் இதமாகப் பேசுகிறாள். எல்லாப் பெண்களும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது திருமதி ராம்சேயின் திடமான எண்ணம். அவருடைய பெண்கள் புரூ, நான்சி, ரோஸ் மூவரும் அம்மாவின் வாழ்க்கை போலில்லாத வேறொரு வாழ்க்கையை அவர் எதிரிலேயே மௌனமாகக் கற்பனை செய்துகொண்டிருக்கிறார்கள்.

நாவலுக்கு வெளியேயும் இது பொருந்துகிறது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 1889இல் வெளியான அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஜூலியா ஸ்டீபனும் ஒருவர். அவர் 49 வயதில் இறந்தபின், அவருடைய முதல் திருமணத்தில் பிறந்த மகள் ஸ்டெல்லா வீட்டுப் பொறுப்பை ஏற்றார். 1897இல் ஸ்டெல்லாவும் இறந்ததும் அது அடுத்த மகள் வனெஸ்ஸாவின் தலையில் விழுந்தது. கார்ன்வால் வீட்டைக் குடும்பம் கைவிட்டது. அம்மா போன பிறகு கடலும் மணலும் அங்கேயேதான் இருந்தன, விடுமுறை மட்டும் இல்லை.

நாவலும் அதையே செய்து காட்டுகிறது. இரண்டாம் பகுதியில் பத்து ஆண்டுகள் ஓடுகின்றன. திருமதி ராம்சேயின் மரணம் அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. புரூ பிரசவத்தை ஒட்டி இறக்கிறாள். ஆண்ட்ரூ போரில் சாகிறான். மூன்றாம் பகுதியில், மனைவியை இழந்த ராம்சே, ஜேம்ஸையும் காமையும் கட்டாயமாகக் கிளப்பிக் கலங்கரை விளக்கத்துக்குப் புறப்படுகிறார். காலையிலேயே ரகளை. சாண்ட்விச் செய்யச் சொல்ல நான்சி மறந்துவிட்டாள். அப்பா கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போகிறார். காவலர்களுக்கு என்ன கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் நான்சி தவிக்கிறாள். பழைய பத்திரிகைகள், புகையிலை, காலுறை என்று அம்மாவின் மனசுக்குள் இருந்த பட்டியலை யாரும் என்றைக்கும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அது வேலை என்று ஒப்புக்கொண்டதாகியிருக்கும்.

படகுப் பயணத்தைத் தந்தை-மக்கள் சமரசமாகப் படிப்பது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சுக்கான் ஜேம்ஸின் கையில் இருக்கிறது. கரை நெருங்கும்போது அப்பா அவனைப் பாராட்டுகிறார். பத்து வருடமாக அவன் ஏங்கிய பாராட்டு அது. காமுக்கு என்ன கிடைத்தது? ஒரு இஞ்சி பிஸ்கட். அப்பாவின் அதிகாரத்தை இறுதிவரை எதிர்ப்போம் என்று அண்ணன் தம்பியோடு கூட்டுச் சேர்கிற அக்காதங்கைகளுக்குப் பழகிய நெருக்கடி அவளுடையது. அப்பாவிடம் இளகினால் ஜேம்ஸுக்குத் துரோகம், இளகாவிட்டால் தன் பாசத்துக்கே துரோகம். அவள் மனம் ஊசலாடுவதை வுல்ஃப் நுட்பமாகவே எழுதுகிறார். ஆனால் பயணத்தின் முடிவில் அவளுக்கென்று எதுவும் வைக்கவில்லை. காவலர்களுக்கான பொட்டலங்களைக் கட்டிக்கொடுத்த நான்சியோ படகிலேயே இல்லை.

வுல்ஃபிடம் நாம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த இரவு உணவின் பெருமையெல்லாம் ‘பெஃப் ஆன் டோப்’ என்ற பிரெஞ்சு மாட்டிறைச்சிக் குழம்புக்கு. சமையல்காரி மில்ட்ரெட் மூன்று நாள் மெனக்கெட்டுச் செய்தது. விருந்தாளி பாராட்டும்போது, அது தன் பாட்டியின் பக்குவம் என்கிறார் திருமதி ராம்சே. எல்லோருடைய மனசுக்குள்ளும் நுழைந்து வெளிவரும் இந்த நாவல் மில்ட்ரெட்டின் மனசுக்குள் நுழைவதில்லை. பத்து வருடம் பூட்டிக்கிடந்து பாழாகும் வீட்டைத் துடைத்து மீட்பவர் எழுபதை நெருங்கும் திருமதி மெக்நாப். அவர் இல்லையென்றால் மூன்றாம் பகுதியே இல்லை. அவருக்கு நினைவுகளைத் தருகிற வுல்ஃப், கூடவே தள்ளாடும் உடம்பையும் அசட்டுப் பார்வையையும் தந்து சற்று எட்டவே நிறுத்திவிடுகிறார். வுல்ஃப் இதை எழுதிய ஆண்டுகளில் அவர் வீட்டில் சமைத்தவர் நெல்லி பாக்ஸல். 1916 முதல் 1934 வரை அங்கே வேலை பார்த்தவர். திருமதி ராம்சேயின் உழைப்பை நம் கண்ணுக்குக் காட்டிய அதே எழுத்து, அந்த உழைப்பைத் தாங்கி நின்ற வேறு பெண்களின் உழைப்பைப் பாதிதான் காட்டியது. அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று பேசும்போது, அந்த ஓய்வை யார் கையிலிருந்து எடுக்கிறோம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்த நாவலில் நம்பிக்கை தருகிறவள் லில்லி. மனைவியை இழந்த ராம்சே அனுதாபம் கேட்டு வந்து நிற்கிறார். பெண் என்றால் உடனே உருகிக் கொடுத்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த முற்றத்தில் நிற்கிறது. லில்லியால் முடியவில்லை. அவருடைய பூட்ஸ் நன்றாக இருக்கிறது என்கிறாள். அவர் மலர்ந்துபோய் கயிறு முடிவது எப்படி என்று மூன்று தடவை சொல்லிக்கொடுக்கிறார். அதுவும் ஒரு மனித உறவுதான். அவள் தன்னை உருக்கிக் கொடுக்காமலே அது நடந்துவிடுகிறது. பிறகு ஓவியத்துக்குத் திரும்புகிறாள். திருமதி ராம்சேயை நினைத்து அழுகிறாள், கொடுத்துக் கொடுத்தே செத்துப்போனாரே என்று கோபமும் படுகிறாள். அந்த அம்மாவை நேசிக்கிறாள், அவர் சொன்ன வாழ்க்கையை மட்டும் வாழ மறுக்கிறாள்.

நம்மில் பலருக்கு நம் அம்மாக்களிடம் இருப்பதும் இதே சிக்கல்தான். கோடை விடுமுறைகளை நினைத்தால் புளிச்சோற்றுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, ஈரத்துணி மூட்டை என்று எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. அந்தக் கையைப் போற்றிப் பாடுவதற்கு நம்மிடம் ஏராளமான சொற்கள் உண்டு. அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்வதற்கான சொற்கள் குறைவு. அடுத்த பயணத்துக்கு முன், என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்ற பட்டியலை அம்மாவிடம் கேட்டு எழுதி வாங்கி, அதை வீட்டிலுள்ள ஆண்களின் கையில் கொடுக்கலாம். நான்சிக்குக் கிடைக்காமல் போன பட்டியல் அது.