கடன்பட்ட உயிர்: 'தி இயர்லிங்' நாவலில் பாம்புக்கடியும் மருந்தும்

முன்னுரை

மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் 1938இல் வெளியிட்டு, 1939இல் புலிட்சர் பரிசு பெற்ற 'தி இயர்லிங்' என்னும் அமெரிக்க நாவல், சிறுவன் ஒருவன் முதிர்ச்சியடையும் கதையாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அதன் திருப்புமுனையாக அமைவது கிலுகிலுப்பைப் பாம்புக்கடி. அந்நிகழ்வை மருத்துவ நோக்கில் அணுகினால், மருந்தின்பொருட்டுப் பிற உயிரிடம் படும் கடன் என்னும் மற்றொரு பொருள் புலப்படுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மானின் ஈரல்

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஃபுளோரிடாவின் புதர்க்காட்டில் பென்னி பாக்ஸ்டரைப் பாம்பு தீண்டுகிறது. அவர் எதிர்ப்பட்ட பெண்மானைச் சுட்டு, கடிவாயைக் கத்தியால் கீறி, மானின் பச்சை ஈரலை அதன்மேல் வைத்து அழுத்துகிறார், பிழைத்தும் கொள்கிறார். தாயை இழந்த மான்குட்டியைப் பட்டினியால் சாகவிடுவது நன்றியன்று என வாதிட்டு, மகன் ஜோடி அதனை வீட்டிற்குக் கொணர்கிறான். குடும்பத்தின் கடனை முதலில் உணர்ந்து சொல்பவன் சிறுவனே என்பது கருதத்தக்கது.

மருந்தும் அதன் மூலமும்

ஈரல் நஞ்சை உறிஞ்சும் என்பதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. நஞ்சு திசுக்களைச் சிதைத்து, குருதி உறைதலையும் குலைக்கிறது. கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவற்றை இன்றைய கால்நடை மருத்துவம் ஏற்பதில்லை. முகர்ந்து பார்க்கச் செல்லும் நாயும் குதிரையும் பெரும்பாலும் முகத்திலேயே கடிபடுகின்றன. குதிரையால் வாய்வழி மூச்சுவிட இயலாது. எனவே வீக்கம் நாசியை அடைக்குமுன் மூக்குத்துளைகளில் குழாய் செருகப்படுகிறது. சிரைவழித் திரவமும் வலிநீக்கியும் துணை மருத்துவங்களே. நஞ்சை முறிப்பது நச்சுமுறி மருந்து.

அம்மருந்து எங்கிருந்து வருகிறது? குதிரைக்கோ ஆட்டுக்கோ சிறிதுசிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே அது செய்யப்படுகிறது. 1890களில் ஆல்பெர் கால்மெத் உள்ளிட்டோர் தொடங்கிய இம்முறை, பென்னியின் காலத்தில் இல்லை. இன்று கடிபட்ட நாயைக் காப்பதும் வேறொரு விலங்கின் குருதியே.

கடனின் எல்லை

இவ்வறிவுடன் நாவலுக்குத் திரும்பும்போது, பென்னியின் மருத்துவம் பிழையென நிறுவப்பட்டாலும் அவர் பட்ட கடன் பிழையாகிவிடவில்லை என்பது தெளிவாகிறது. எனினும் வளர்ந்த மான் ஃபிளாக் இளம்பயிரை அழித்ததும், மானால் உயிர் பெற்றவரே அதனைச் சுடுமாறு மகனைப் பணிக்கிறார். தாயின் துப்பாக்கியால் காயமுற்ற ஃபிளாக்கின் உயிரை ஜோடியே முடித்துவைக்க நேர்கிறது. இதனை வறுமையின் கட்டாயம் என்று மட்டும் கொள்வது போதாது. கடனை உணர்ந்தவன் கையாலேயே அது முறிக்கப்படுகிறது. முதிர்ச்சி என நாவல் காட்டுவதன் விலை அதுவாகும்.

முடிவுரை

பாம்புக்கடிக் காட்சியை நாட்டார் நம்பிக்கையின் பதிவாக மட்டும் ஒதுக்கிவிட இயலாது. ஈரலின் இடத்தைக் குதிரையின் குருதி பெற்ற பின்னரும், பிழைத்த உயிர் எவ்வுயிருக்குக் கடன்பட்டது என்னும் ஜோடியின் கேள்வி நிலைத்து நிற்கிறது.