தீராத் துயரும் மீளாப் பற்றும்: பெருமாள் திருமொழி ஐந்தாம் திருமொழியின் உவமைகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

குலசேகரப் பெருமாள் அருளிச்செய்த பெருமாள் திருமொழி 105 பாசுரங்கள் கொண்டது. அதன் பத்துத் திருமொழிகளுள் முதல் மூன்றும் திருவரங்கத்தைப் பற்றியவை. நான்காவது திருவேங்கடத்தைப் பற்றியது. ஐந்தாவதான பத்துப் பாசுரங்கள் மலைநாட்டுத் திருவித்துவக்கோட்டு எம்பெருமானை நோக்கி எழுந்தவை. பாரதப்புழைக் கரையில், பட்டாம்பிக்கு அருகே உள்ள இத்திருப்பதியை மங்களாசாஸனம் செய்தவர் இவ்வாழ்வார் ஒருவரே. இப்பத்துப் பாசுரங்களும் அநந்யகதித்வத்தை, அதாவது எம்பெருமானையன்றி வேறு புகல் இல்லாமையை, வெளியிடுகின்றன என்பது ஸம்ப்ரதாயத்தில் தெளிந்த பொருள்.

ஆயினும் இத்திருமொழி இன்று கையாளப்படும் முறையில் ஒரு குறை உண்டு. ஓரில்லத்தில் மரணமோ தீராப் பிணியோ பொருளழிவோ நேர்ந்தவிடத்து ஆறுதல் கூறப் புகுவோர், பெரும்பாலும் இதன் நான்காம் பாசுரத்தையே எடுக்கின்றனர். வாள்கொண்டு அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் நோயாளி அன்பு மாறாதிருப்பதை உவமையாக்கிய பாசுரம் அது. ‘எம்பெருமான் வைத்தியன், இத்துன்பம் சிகிச்சை, முடிவில் நன்மையே விளையும், ஆகவே பொறுத்திரு’ என்பது அவர்கள் கொள்ளும் பொருள். கருத்து சாஸ்த்ரத்துக்கு முரணானதன்று. ஆனால் மகனை இழந்த தாயின் முன் அதைச் சொல்லும்போது, அவள் கேட்காத ஒரு கணக்கை அவளுக்கு ஒப்புவிப்பதாகவே அது முடிகிறது. ஆழ்வாரின் பாசுரம் அந்தக் கணக்கைச் சொல்லுகிறதா என்பதே ஆராயத்தக்கது.

நான்காம் பாசுரத்தையே முதலில் கொள்ளலாம். த்ருஷ்டாந்தத்தில் மருத்துவன் செய்யும் வேதனைக்கு முடிவு உண்டு. புண் ஆறும், நோய் தீரும். தார்ஷ்டாந்திகத்திலோ எம்பெருமான் தருவதாகக் கூறப்படும் துயரத்துக்கு ஆழ்வார் இட்ட அடைமொழி ‘மீளாதது’ என்னும் பொருளுடையது. மீளும் நோய்க்கு மீளாத் துயரை எதிர்நிறுத்தியிருப்பது கருதிச் செய்த வேறுபாடே. சிகிச்சையின் பலனைக் காட்டித் தேற்றுவது ஆழ்வாரின் நோக்கமாயின், இவ்வடைமொழி அந்நோக்கத்தையே கெடுக்கும். எனவே உவமையில் ஒப்புமைக்குரிய இடம் துன்பத்தின் பயன் அன்று. நோயாளியின் நெஞ்சில் மாளாது நிற்கும் காதலே. பலனை ஆழ்வார் மறுக்கவில்லை. அதன்மேல் தம் பற்றைக் கட்டவுமில்லை.

ஏனைய உவமைகளும் இதையே உறுதிசெய்கின்றன. முதற்பாசுரத்தில் ஈன்ற தாய் சினத்தால் குழவியை அகற்றுகிறாள். அச்சினத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. இரண்டாவதில் கணவன் செய்வது கண்டோர் இகழத்தக்கது. அதற்கு நியாயம் காட்டப்படவில்லை. மூன்றாவதில் வேந்தன் குடிகளை நோக்காது துயர் விளைக்கிறான். ஏழாவதில் வானம் எத்தனை காலம் மறந்திருப்பினும் பயிர்கள் முகிலையே பார்த்திருக்கின்றன. வானம் ஏன் மறந்தது என்று பாசுரம் கூறாது. மருத்துவன் ஒருவனைத் தவிர வேறெந்த உவமையிலும் துன்பத்துக்கு நற்காரணம் சொல்லப்படாதிருக்க, அவ்வொன்றையே திருமொழி முழுவதற்கும் திறவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழக்கூடும். இகழத்தக்கன செய்யும் கணவனையும் குடிகளைப் புறக்கணிக்கும் வேந்தனையும் எம்பெருமானுக்கு உவமையாக்கினால், அவனுக்கு நைர்க்ருண்யம், அதாவது இரக்கமின்மை, வந்து சேராதோ? இரண்டு முதலிய பாசுரங்களில் வரும் ‘ஆகிலும்’, ‘இனும்’ என்னும் சொல்வடிவங்களே இதற்கு விடை. அவன் அவ்வாறு செய்கிறான் என்று ஆழ்வார் கூறவில்லை. அவ்வாறே செய்தாலும் தம் நிலை மாறாது என்கிறார். பேச்சு அவனது இயல்பைப் பற்றியதன்று, இவரது இயல்பைப் பற்றியது. இவ்வுவமைகள் ஏகதேச த்ருஷ்டாந்தங்களே. கொடிய கணவனைப் பொறுத்திருக்கும்படி ஒரு பெண்ணுக்கோ, கொடுங்கோலைச் சகிக்கும்படி குடிகளுக்கோ இப்பாசுரங்கள் விதி வகுப்பதாகக் கொள்வதும், ஒப்புமை எல்லையைக் கடந்து பொருள் கொள்ளும் பிழையே ஆகும்.

முதற்பாசுரத்தின் சொல்லமைதி தனியே நோக்கத்தக்கது. பின்வரும் பாசுரங்களில் ‘நீ ஏற்காவிட்டாலும்’, ‘நோக்காவிட்டாலும்’ என்ற வகையில் பேசும் ஆழ்வார், தொடக்கத்தில் ‘தடுக்காவிட்டாலும்’ என்னாமல் ‘தடுக்காவிடில்’ என்றே தொடங்குகிறார். ‘உன் சரணம் அல்லாது வேறு சரணம் இல்லை’ என்பது அதன் முடிபு. தடுக்காவிட்டாலும் பற்றுவேன் என்பது வீரம். தடுக்காவிடில் வேறு யார் உளர் என்பது நியாயம். துயரத்தைத் தரப்படும் ஒன்றாக ஆழ்வார் குறித்தார். கர்மமே காரணமாயினும் பலன் அளிப்பவன் அவனே. அளிப்பவனன்றித் தடுக்க வல்லவர் பிறர் இலர். ஆக, துன்பம் தீராது நிற்பதே அவனை விட்டு அகல்வதற்குக் காரணமாகாமல், அவனையன்றி வேறில்லை என்பதற்கு ஹேதுவாகி நிற்கிறது. நம்பிக்கை குலையுமிடம் எதுவோ, அதிலேயே அதற்கு அடிநிலை இடுகிறார் ஆழ்வார்.

அதே பாசுரத்தில் குழவி அழுகிறது. தாயின் சினத்தை எண்ணியன்று, அவளது அருளை நினைந்தே அழுகிறது. துன்பத்தில் அழுவது நம்பிக்கைக் குறைவு என்று கருதுவோர் இதை ஊன்றி நோக்கவேண்டும். அகற்றியவளை நோக்கி அழும் அழுகையும் பற்றே. அவளை மறந்து அடங்கிவிடும் மௌனந்தான் பற்று அற்ற நிலை. இவ்வாழ்வாரே பின்னர் ஏழாம் திருமொழியில் கண்ணனின் பிள்ளைமையைக் காணப்பெறாத தேவகியாகவும், ஒன்பதாம் திருமொழியில் இராமனைக் காட்டுக்குப் போக்கிய தசரதனாகவும் நின்று புலம்புகிறார். புலம்பலைப் பதிகமாக்கிய ஒருவர், புலம்பாதிருப்பதை விச்வாஸத்தின் அடையாளமாகக் கொண்டிருக்க இயலாது.

உவமைகளின் அடைவிலும் ஒரு பொருள் உண்டு. முதல் நான்கில் மானிடர்: குழவி, குலமகள், குடி, நோயாளி. ஐந்தாவதில் பறவை: கடல் நடுவே மரக்கலத்தின் கூம்பை விட்டுப் பறந்து, எங்கும் கரை காணாது, அக்கூம்பிற்கே மீண்டது அது. ஆறாவதில் தாமரை: நெருப்பே வந்து வெம்மை செய்தாலும் கதிரவனுக்கன்றி மலராதது. ஏழாவதில் பைங்கூழ். எட்டாவதில் ஆறுகள்: எங்கும் பரந்து ஓடினும் கடல் புகாது நிற்க மாட்டாதவை. ஒன்பதாவதில் செல்வம். மானிடரில் தொடங்கி, பறவை, பூ, பயிர் என இறங்கி, அறிவற்ற நீரிலும் பொருளிலும் முடிகிறது வரிசை.

இவ்வடைவு எதைக் காட்டுகிறது? நோயாளி மருத்துவனை நம்புவதற்கு அறிவு வேண்டும். குடி கோலை நோக்கியிருப்பதற்குப் பொறுமை வேண்டும். பறவையோ மற்றெல்லாவற்றையும் முயன்று பார்த்து, இல்லை என்று கண்ட பின்னரே மீண்டது. அம்முயற்சியை ஆழ்வார் பழிக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. தாமரைக்கும் பயிருக்கும் முயற்சியே இல்லை. ஆற்றுக்குத் துணிவு என்பதும் இல்லை. கடலை அடைவது அதன் ஸ்வபாவம். அத்யவஸாயமாகத் தொடங்கிய பற்று, படிப்படியே இறங்கி ஸ்வரூபத்தில் சென்று நிலைபெறுகிறது. ஆத்மா எம்பெருமானுக்குச் சேஷமாயிருப்பது, தான் துணிந்ததால் வந்ததன்று. துணிவு தளர்ந்தால் போவதுமன்று.

துன்பத்தில் உழல்வோர்க்கு இத்திருமொழி தரும் பேருதவி இதுவே. பேரிடர் வந்த காலத்தில் முதலில் தளர்வது மனத்தின் துணிவுதான். ‘முன்போல் நம்ப முடியவில்லையே, இனி நான் அவனுக்கு ஆகாதவனோ’ என்று கலங்குபவனிடம் ‘உறுதியாக நம்பு’ என்பது, நடக்க இயலாதவனை நடந்து வா என்பது போலாம். ஆழ்வாரோ அவனை ஆற்றின் நிலையில் வைத்துக் காட்டுகிறார். கடல் உண்டு என்று ஆறு நம்புவதில்லை; ஆயினும் அது செல்லுமிடம் கடலே.

இவ்விடத்தில் மஹாவிச்வாஸம் பற்றிய ஐயம் ஒன்று தீர்க்கப்படவேண்டும். ‘அவன் காப்பது திண்ணம்’ என்னும் துணிவே ப்ரபத்திக்கு அங்கமான மஹாவிச்வாஸம். ‘துயர் தீர்க்காவிடினும்’ என்னும் ஆழ்வார் வார்த்தை இதனோடு மாறுபடாதோ எனின், மாறுபடாது. காப்பான் என்பதில் ஐயமில்லை. இன்ன காலத்தில், இன்ன வடிவில், இத்துன்பத்தை நீக்கியே காப்பான் என்பது விச்வாஸத்தின் பகுதியன்று, நமது விருப்பத்தின் பகுதி. விருப்பம் குற்றமன்று; விண்ணப்பிக்கத் தக்கதே. ஆனால் அது நிறைவேறாத இடத்தில் விச்வாஸம் தோற்றதாகக் கருதுவது இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதன் விளைவு.

இவ்வேறுபாட்டை ஸம்ப்ரதாயம் நூலில் மட்டும் கண்டதன்று. 1323-இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, பிள்ளை லோகாசார்யர் முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார்; மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெருமாள் கோயிலுக்கு மீண்டதை அவர் இந்நிலத்தில் காணவில்லை. அதே இடரின்போது ச்ருதப்ரகாசிகையைக் காத்தளித்த வேதாந்த தேசிகர், அரங்கத்தின் அச்சம் நீங்கவேண்டி அபீதிஸ்தவம் அருளிச்செய்தார் என்பர். 1371-இல் கோபணாரியர் நம்பெருமாளை மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளப்பண்ணியதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. இடைப்பட்டவை 48 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் பிறந்து, அரங்கனை அரங்கத்தில் சேவியாமலே மறைந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர்! ஒருவர் துயர் நீங்க விண்ணப்பித்தார். ஒருவர் துயர் நீங்குமுன்பே அவன் திருவடி சேர்ந்தார். இருவர் விச்வாஸத்திலும் ஏற்றத்தாழ்வு சொல்ல ஒருவராலும் இயலாது. மழையைக் கண்ட பயிரும், காணுமுன் உலர்ந்த பயிரும் நோக்கியிருந்தது ஒரே முகிலைத்தான்.

இறுதியாக, திருமொழியின் முடிவில் இரண்டு செய்திகள் குறிக்கத்தக்கன. எட்டாம், ஒன்பதாம் பாசுரங்களில் துன்பம் என்ற பேச்சே இல்லை. அது நீங்கியதாகவும் ஆழ்வார் கூறவில்லை. பேச்சிலிருந்து அது தானே நழுவிவிட்டது. ஒன்பதாவதில், எம்பெருமானையே வேண்டிச் செல்வத்தை வேண்டாதிருக்கும் ஒருவனைச் செல்வம் தானே வேண்டித் தொடர்வதுபோலத் தாம் அவனையே வேண்டி நிற்பதாகக் கூறுகிறார். இதன் நுட்பம் பெரிது. வேண்டாமல் நிற்கும் எம்பெருமானுக்கு உவமை, செல்வத்தை வேண்டாத பாகவதன். அவனது உபேக்ஷைபோல் தோன்றுவதைக் கூடத் தன் அடியானின் வைராக்யத்தோடு ஒப்பிட்டுப் பேசும் அளவுக்கு, புறக்கணிப்பின் கசப்பு ஆழ்வார் நெஞ்சைவிட்டு நீங்கியிருக்கிறது. துயர் தீராதிருக்கவே அதன் நஞ்சு தீர்ந்தது.

பத்தாம் பாசுரமோ பலச்ருதி. இப்பத்தையும் வல்லவர் நரகம் நண்ணார் என்பதே அங்குச் சொல்லப்பட்ட பலன். பிணி தீரும், பொருள் சேரும், இழந்தது மீளும் என்ற வாக்குறுதி ஒன்றும் அங்கு இல்லை. ஆகவே இதைத் துன்ப நிவாரணப் பரிஹாரமாக ஓதச்சொல்வதும் பொருந்தாது. துன்பத்தைச் சிகிச்சை என்று விளக்கி வாயடைக்கப் பயன்படுத்துவதும் பொருந்தாது. இடருற்றோர் இல்லத்தில் இத்திருமொழியை எடுப்பவர், நான்காம் பாசுரத்திலிருந்து தொடங்காமல், அழும் குழவியைக் காட்டும் முதற்பாசுரத்திலிருந்து தொடங்கி, ஆறு கடல் சேரும் இடம் வரை அடைவே அனுஸந்திப்பது ஆழ்வார் திருவுள்ளத்துக்கு நெருங்கியதாகும். அழவேண்டியவர் முதலில் அழட்டும். எஞ்சியதை ஆழ்வாரே பார்த்துக்கொள்வார்.

குலசேகரப் பெருமாள் திருவடிகளே சரணம்.