கண்டெடுப்பவர்களும் வளர்ப்பவர்களும்

2018 செப்டம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் புதுச்சேரி அணி தன் முதல் ஆட்டத்தில் மணிப்பூரை எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்த மகிழ்ச்சி மறுநாளே போய்விட்டது. அணியில் எட்டு வீரர்களுக்கு உள்ளூர்த் தகுதி இல்லை என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் அவர்களின் பதிவை ரத்து செய்தது. புள்ளிகள் பறிபோயின; அதே ஆட்டத்தைப் பிறகு மறுபடியும் ஆட வேண்டியதாயிற்று.

அந்த எட்டுப் பேர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. சொந்த மாநிலத்தில் இடம் கிடைக்காமல் வாய்ப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். முதலில் அவர்களைப் பதிவு செய்து களத்தில் இறங்க விட்டதும் அதே வாரியம்தான். ஆனால் அன்று எழுந்த கேள்விக்கு இன்றும் விடை இல்லை. பிறர் கவனிக்காமல் விட்ட ஆட்டக்காரரைத் தேடிப் பிடித்து அணிக்குள் கொண்டுவருவது நல்ல வழக்கம் என்றால், அதன் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது?

இந்த வேட்டையை முறையாகவே நடத்துவது வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக். ஆண்டுதோறும் நடக்கும் ‘டிராஃப்ட்’டில் அணிகள் சுற்றுச் சுற்றாக இளைஞர்களின் பெயரைச் சொல்லி, அவர்களோடு ஒப்பந்தம் போடும் உரிமையைப் பெறுகின்றன. அதில் ரஷ்யப் பையன்களின் பெயர் பல நேரம் பின்சுற்றுகளில்தான் வரும். 1989இல் டெட்ராய்ட் அணி செர்கெய் ஃபெதரோவை 74ஆவது இடத்திலும், விளாதிமிர் கான்ஸ்டான்டினோவை 221ஆவது இடத்திலும் எடுத்தது. 1998இல் அதே அணி 171ஆவதாக எடுத்த பாவெல் தாட்சுக் பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். 2015இல் மினசோட்டா அணி 135ஆவதாக எடுத்த கிரில் கப்ரிசோவ் ஐந்து ஆண்டுகள் கழித்தே அமெரிக்கா வந்தார். வந்த முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். இவர்களில் பலரைப் பின்னுக்குத் தள்ளியது திறமைக் குறைவு மட்டுமல்ல. சோவியத் காலத்தில் நாட்டைவிட்டு வர விடுவார்களா என்ற ஐயம். பிறகு ரஷ்ய லீகையே போதுமென்று அங்கேயே இருந்துவிடுவார்களோ என்ற ஐயம். அந்த ஐயத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருந்த அணி மலிவு விலையில் மாணிக்கத்தை எடுத்தது. பையனைப் பத்து வயதிலிருந்து வளர்த்த ரஷ்யக் கிளப்புக்கோ, இரு தரப்புக்கும் இடையே வீரர் மாற்று ஒப்பந்தம் இல்லாததால், அதற்குரிய ஈடு கிடைப்பதில்லை. காத்திருந்தவருக்குப் பரிசு உண்டு, வளர்த்தவருக்கு இல்லை என்ற இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் இந்த வழக்கத்தின் நல்ல முகம் நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகியவர். 2015இல் ரஞ்சியில் அறிமுகமானதும் பந்துவீச்சு முறை விதிக்கு ஒவ்வாதது என்று புகார் வந்தது. கையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் (டிஎன்பிஎல்) அவர் அடுக்கடுக்காக யார்க்கர் வீசியதை ஐபிஎல் அணிகளின் ஆட்கள் பார்த்தார்கள். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, அடுத்த மாதம் பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர்.

வருண் சக்கரவர்த்தியின் கதையில் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு. கட்டடக்கலை படித்துவிட்டு மறுபடி கிரிக்கெட்டுக்கு வந்த அவர் 2018இல் டிஎன்பிஎல் கோப்பையை வென்ற மதுரை பாந்தர்ஸ் அணியில் ஆடினார். அந்த அணியின் பெயருக்கு முன்னால் நின்ற ‘சீகெம்’ புதுச்சேரியின் கேபிள் நிறுவனம். அடுத்த ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்குப் போனார்.

ஆனால் இருவருக்கும் அந்தப் பெரிய விலை உடனே நன்மை செய்யவில்லை. நடராஜன் பஞ்சாபுக்காக ஒரு பருவத்தில் ஆறே ஆட்டம் ஆடினார். அடுத்து எடுத்த ஹைதராபாத் அணியில் இரண்டு பருவங்கள் ஒரு ஆட்டம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வருண் முதல் பருவத்தில் ஆடியது ஒரே ஆட்டம், அதன் முதல் ஓவரில் 25 ரன் போனது. மறு ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்து, பொறுமையாக வைத்திருந்து ஆடவைத்ததால்தான் இன்றைய வருண் நமக்குக் கிடைத்தார். கண்டெடுப்பது ஒரு நாள் வேலை. கண்டெடுத்தவரை நிலைநிறுத்த ஆண்டுகள் ஆகும். ஏலமுறை முதல் வேலையைச் சிறப்பாகச் செய்கிறது. இரண்டாவது வேலை அந்தந்த அணியின் மனப்போக்கைப் பொறுத்துத்தான் நடக்கிறது. நின்று மீண்ட இருவரை நாம் அறிவோம். மீளாமல் போனவர்களின் பெயரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

புதுச்சேரியில் இதே வழக்கம் வேறு வடிவத்தில் நடக்கிறது. 2018-19இல் ஒன்பது புதிய அணிகள் ரஞ்சிக்குள் வந்தன, அவற்றில் ஒன்று நம்முடையது. நகரிலிருந்து சற்றுத் தள்ளி துத்திப்பட்டில் நல்ல மைதானங்கள் இருந்தன. அணிக்கு அனுபவம் இல்லை. வாரியத்தின் விதி, ஒரு மாநில அணி மூன்று வெளியூர்த் தொழில்முறை வீரர்களை எடுக்கலாம் என்கிறது. இமாச்சலத்திலிருந்து பாரஸ் டோக்ரா வந்தார். ரஞ்சியில் மிக அதிக இரட்டைச் சதங்கள் அடித்தவர் என்ற பெருமை புதுச்சேரிக்காக ஆடும்போதுதான் அவருக்கு வாய்த்தது. கர்நாடகத்தின் வினய் குமார் வந்தார். மும்பையில் இடம் கிடைக்காத இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர் சாகர் உதேஷி, முப்பது வயதைக் கடந்த பிறகு இங்கேதான் முதல்தரக் கிரிக்கெட்டைப் பார்த்தார். 2024 ஜனவரியில் புதுச்சேரி டெல்லியை டெல்லியிலேயே தோற்கடித்தபோது அந்த வெற்றியின் நாயகன் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் கௌரவ் யாதவ்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உதேஷி போன்றவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்ட ஊர் என்பதில் பெருமைதான். புதிய அணி பெரிய அணிகளிடம் ஒவ்வொரு ஆட்டத்திலும் இன்னிங்ஸ் தோல்வி கண்டால் அதில் ஆடும் உள்ளூர்ப் பையனும் எதையும் கற்கமாட்டான். வினய் குமார் பந்தை எப்படி உள்ளே கொண்டுவந்தார் என்பதை மிட்-ஆனில் நின்று பார்த்ததே ஒரு பள்ளிக்கூடம். மூன்று பேர் என்ற எல்லை அதற்காகத்தான்: மூவர் கற்றுக்கொடுக்க, எட்டுப் பேர் கற்றுக்கொள்ள.

அந்த எட்டு இடங்களில்தான் சிக்கல். உள்ளூர் வீரர் என்று பதிவாகப் பிறந்த ஊர் புதுச்சேரியாக இருக்க வேண்டியதில்லை. ஓராண்டுக் குடியிருப்போ படிப்போ வேலையோ போதும். இடம்பெயர்ந்து வாழ்பவர்களுக்கு நியாயம் செய்யும் விதி இது, நீக்கவும் கூடாது. ஆனால் இதன் வழியாக நான்காவது, ஐந்தாவது, எட்டாவது வெளியூர் வீரரும் உள்ளூர் வீரராக உள்ளே வர முடிகிறது. 2025 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் இதுபற்றிப் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. வெளிமாநில வீரர்களுக்கு உள்ளூர்த் தகுதி வாங்க முகவரி மாற்றிய ஆதாரும் பின்தேதியிட்ட கல்லூரிச் சேர்க்கையும் உதவின என்பது அதில் வந்த குற்றச்சாட்டு. 2021 முதல் ரஞ்சியில் ஆடிய புதுச்சேரியில் பிறந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்றும் அச்செய்தி சொன்னது. ஆவணங்களின் உண்மையை விசாரித்துத் தீர்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆவணமும் பொய்யில்லை என்றே முடிவு வந்தாலும்கூட, சொந்த ஊரில் பிறந்தவர்கள் இவ்வளவு குறைவாக ஆடும் ஓர் அணி எதற்காக ‘புதுச்சேரி’ என்ற பெயரைத் தாங்குகிறது என்று நான் கேட்பேன்.

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்திலும் பாகூர், திருக்கனூர்ப் பக்கத் தரிசுகளிலும் விடுமுறை நாட்களில் ஆடும் பையன்களும் கவனிக்கப்படாதவர்கள்தான். ஆனால் அவர்களைத் தேடி வேறு மாநிலத்திலிருந்து ஆள் வரப்போவதில்லை. மும்பையில் கவனிக்கப்படாத வீரருக்குக் குறைந்தபட்சம் கடுமையான கிளப் கிரிக்கெட் பின்னால் இருக்கிறது. அதன் ரன்களும் விக்கெட்டுகளும் அவருக்காகப் பேசும். பாகூர்ப் பையனுக்குப் பேச ஒரு ஸ்கோர்ஷீட்கூட இல்லை. தேர்வு முகாமில் பத்துப் பந்து வீசுகிறான், அதோடு சரி. அவனோடு ஒரே வரிசையில் நிற்பவர் வேறு மாநிலத்தில் 23 வயதுக்குட்பட்டோர் போட்டி ஆடிவிட்டு வந்தவர். தேர்வாளர் நேர்மையானவராகவே இருந்தாலும் அன்றைய தேர்வில் யாரை எடுப்பார்? தயாரான வீரரைத்தான். ஒவ்வொரு ஆண்டும் தனித்தனியாகப் பார்த்தால் அது சரியான முடிவு. பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தலைமுறையே ஆடாமல் போயிருக்கும்.

கால்பந்தில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் பணத்துக்குக் கைமாறும்போது அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயதுமுதல் 23 வயதுவரை பழக்கிய கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. வளர்ப்பதும் ஒரு முதலீடு என்று அந்த விதி ஒப்புக்கொள்கிறது. நம் கிரிக்கெட்டில் சின்னப்பம்பட்டித் திடலுக்கோ, வருணுக்கு வலைப்பயிற்சி தந்த கிளப்புக்கோ ஏலத்தொகையில் பங்கு இல்லை. நடராஜன் தானே முன்வந்து ஊரில் மைதானம் அமைத்தார். அது அவருடைய நல்ல மனம்; அமைப்பு செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு வீரரின் நன்றியுணர்வு செய்தது.

2024இல் தொடங்கிய பாண்டிச்சேரி பிரீமியர் லீக், மாநில அணி என இரண்டு இடங்களிலும் இதைச் சரிசெய்யத் தொடங்கலாம். லீகின் ஒவ்வொரு அணியிலும் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் பள்ளிகளில் குறைந்தது ஐந்து ஆண்டு படித்த நான்கு பேர் ஆடும் பதினொருவரில் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். கொம்யூன் வாரியாக லெதர் பந்து லீக் நடத்தி அதன் ஸ்கோர்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால், தேர்வு முகாமுக்கு வரும் பாகூர்ப் பையனின் கையிலும் ஒரு கணக்கு இருக்கும். உள்ளூர்த் தகுதி பெற்றவர்களின் பட்டியலையும், எந்த அடிப்படையில் பெற்றார்கள் என்பதையும் பருவத்துக்கு முன்பே புதுச்சேரிக் கிரிக்கெட் சங்கம் அறிவித்துவிட்டால் ஐயத்துக்கு இடமிருக்காது. உதேஷி போன்றவர்களுக்கான மூன்று இடங்களை இவற்றில் எதுவும் தொடாது.